ஜட்ஜ் கேட்ட ‘எக்ஸாக்ட்’

கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் கனமான அகராதி. ‘எக்ஸாக்ட்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்று கேட்டார். ‘சரியான’ என்பதா, ‘துல்லியமான’ என்பதா, ‘நுட்பமான’ என்பதா என்று அவருக்குச் சந்தேகம். முதலில் அகராதியை மூடி வையுங்கள் என்றேன். முகம் சுண்டிப் போய்விட்டது. பாவம், காபி கொடுத்து அனுப்பினேன். அவருக்கு அன்று சொல்லாததை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வைக்கிற சங்கதியும் இதில் இல்லை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நான் திருச்சி செஷன்ஸ் கோர்ட்டில் இன்டர்பிரட்டராக இருந்தேன். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். காலையில் சைக்கிளை மிதித்துக் காவிரிப் பாலம் தாண்டி கன்டோன்மென்ட் வந்து சேர்வேன். சாட்சி தமிழில் சொல்வதை ஜட்ஜுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஜட்ஜும் வக்கீல்களும் இங்கிலீஷில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் கேட்க வேண்டும். கேட்டால் சுலபமான வேலையாகத்தான் தெரியும். இதற்கு நடுவில் ஒரு ஆளின் கழுத்து மாட்டிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

‘எக்ஸாக்ட்’ என்று காதில் விழுந்ததும் புதிதாக வந்தவர்கள் செய்வது ஒன்று உண்டு. சாட்சியைப் பார்த்து ‘சரியாச் சொல்லு’ என்பார்கள். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் நிற்கிற ஒரு குடியானவனிடம் ‘சரியாச் சொல்லு’ என்றால், இதுவரை நீ சொன்னது பொய் என்று மிரட்டுவதாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான். பயத்தில் முன்பு சொன்னதை மாற்றுவான். மாற்றினால் முரண்பாடு. முரண்பாடு வந்தால் எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தீபாவளி. ஒரே பெயரடையை நேரத்துக்கு ஒரு விதமாக, இடத்துக்கு ஒரு விதமாக, உறவுக்கு ஒரு விதமாகக் கேட்கத் தெரிந்தவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு. இதை நான் ஒரே சாட்சியிடம், ஒரே நாளில், முழுசாகக் கற்றுக்கொண்டேன்.

அவள் பேர் அஞ்சலை. லால்குடிக்கு அந்தப் பக்கம் கொள்ளிடக் கரையோரக் கிராமத்துக்காரி. அந்த ஊரில் வயல்காவல் பார்த்து வந்த ஒருவரை யாரோ அரிவாளால் வெட்டிவிட்டார்கள். புருஷனுக்குக் கஞ்சி கொண்டுபோன அஞ்சலைதான் அவரை முதலில் பார்த்தாள். வரப்பில் கிடந்தவருக்கு அப்போது உயிர் இருந்தது. வெட்டியவன் பேரை இவளிடம் சொல்லிவிட்டுத்தான் தலை சாய்ந்தார். அதைக் கேட்டது இவள் ஒருத்திதான், வேறு யாரும் இல்லை.

கூட்டம் கூடி, கிராம முன்சீப்பும் வந்து, யார் வெட்டியதாகச் சொன்னார் என்று அஞ்சலையைக் கேட்டார். இறந்தவர் சொன்ன பேர் சீரங்கன். அஞ்சலையின் புருஷன் பேரும் சீரங்கன். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினார்கள். அதே பேர் வேறு ஒருவனுக்கு இருந்தால் அவனைக்கூடப் பேர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். அஞ்சலைக்கு நாக்கு எழவில்லை. தாலியை எடுத்துக் காட்டி, இந்தப் பேர்தான் என்றாள். வெட்டியது தன் புருஷன் என்று இறந்தவர் சொன்னதாக இவள் சொன்னாள் என்று முன்சீப் எழுதிக்கொண்டார்.

கொள்ளிடக் கரையில் தெருவுக்கு இரண்டு சீரங்கன் இருப்பான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகள். அஞ்சலையின் புருஷன் கீழத்தெரு. மேலத்தெருவில் ஆடு வளர்க்கிற இன்னொரு சீரங்கன் இருந்தான். இறந்தவர் சொன்னது அவனைத்தான். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்ததும் அஞ்சலை ஸ்டேஷனுக்கு ஓடி, அவர் இல்லை, மேலத்தெருக்காரர் என்று அழுதிருக்கிறாள். போலீஸில் சிரித்தார்களாம். புருஷனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு முன்னால் அவள் புருஷனுக்கும் காவல்காரருக்கும் தண்ணீர் விடுவதில் வாய்ச்சண்டை நடந்திருந்தது. மேலத்தெருக்காரன் அன்றைக்கு மணப்பாறைச் சந்தையில் இருந்தான் என்று அவன் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

முன்சீப் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரை நானும் பார்த்தேன், சாதுவான மனிதர். ஒரு பெண் தாலியைத் தொட்டால் புருஷன் என்று அர்த்தம், அதை எழுதினார். கையால் காட்டியதை வார்த்தையாக்கியது மட்டும்தான் அவர் செய்தது. நம் தொழிலில் தினமும் அதைச் செய்யத் தோன்றும். ஒரு குடும்பத்தையே கூண்டில் ஏற்ற அது போதும்.

வழக்கை விசாரித்த ஜட்ஜ் தெலுங்கு ஜில்லாக்காரர். மாகாணம் பிரிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். தமிழ் காதில் விழுந்தால் அவருக்குப் புரியும், ஆனால் தன் காதை நம்ப மாட்டார், இன்டர்பிரட்டர் சொல்லியே ஆக வேண்டும். வாயைத் திறந்தால் ‘எக்ஸாக்ட்’தான். ஆபீஸில் எல்லோரும் அவரை அந்தப் பேராலேயே கேலி செய்வோம். கோர்ட் சேவகன் டவாலி கூட ‘எக்ஸாக்ட் வந்துட்டார்’ என்பான். நல்ல மனிதர், தூக்குத் தண்டனை எழுத நேர்ந்த அன்று மத்தியானம் சாப்பிட மாட்டார் என்று சொல்வார்கள்.

அஞ்சலை அரசுத் தரப்புச் சாட்சியாகத்தான் கூண்டேறினாள். எதிரே குற்றவாளிக் கூண்டில் அவள் புருஷன், குனிந்த தலை நிமிராமல். சின்ன வயசுக்காரி, இடுப்பில் இருந்த குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். இறந்தவர் உனக்கு எக்ஸாக்டாக என்ன உறவு என்று முதல் கேள்வி. என்ன முறை வேணும் என்று கேட்டேன். உறவு இல்லை, ஊர் முறையில் சித்தப்பா என்றாள். எக்ஸாக்டாக எத்தனை மணி என்று அடுத்தது. அவள் வீட்டில் கடிகாரம் ஏது? நீ தண்டவாளத்தைத் தாண்டும்போது எந்த ரயில் போயிருந்தது என்று கேட்டேன். திருச்சியிலிருந்து வரும் பாசஞ்சர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்கள் என்றாள். ஜட்ஜ் ரயில்வே டைம் டேபிளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, திருப்தியாக எழுதிக்கொண்டார். எந்த எக்ஸாக்ட் இடம் என்றதற்கு, எந்த வரப்பு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நாவல் மரத்துக்கு இந்தண்டை என்றாள். கேள்வியை மாற்றிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். என்ன கேட்டேன் என்பதை அப்போதைக்கப்போதே ஜட்ஜிடம் சொல்லி, அவர் தலையசைத்த பிறகுதான் பதிலைச் சொன்னேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அதுவரை அவள் நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். இறந்தவர் யார் பேரைச் சொன்னார் என்று கேட்டதும், எங்க வீட்டுக்காரர் பேர் உள்ள மேலத்தெரு ஆள் என்றாள். அரசு வக்கீல் எழுந்துவிட்டார். சாட்சி கட்சி மாறிவிட்டாள், குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றார். முன்சீப் எழுதியதைப் படித்துக் காட்டி அவளைப் பிடிபிடி என்று பிடித்தார். அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். செத்துக்கொண்டிருக்கிற மனிதன், உன் புருஷன் பேர் உள்ள ஆள் என்று சுற்றி வளைத்துப் பேச மாட்டான், அவன் வாயிலிருந்து வந்த எக்ஸாக்ட் வார்த்தைகள் எனக்கு வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“அவரு வாயில வந்தது வந்தபடி சொல்லும்மா. ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.”

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கை தானாகப் போய்த் தாலியைத் தொட்டது. அரசு வக்கீல் விடுவாரா? ‘என் புருஷன்’ என்று சாட்சி சொல்வதாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார். ஜட்ஜ் என்னைப் பார்த்து, சாட்சி என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

கோர்ட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கையசைப்பின் அர்த்தம் தெரியும். நானும் சட்டென்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன், அவ்வளவு பழக்கமான அசைவு அது. எதனாலோ நாக்கை அடக்கிக்கொண்டேன். சாட்சி ஒன்றும் சொல்லவில்லை, தாலியைத் தொடுகிறாள், அவ்வளவுதான் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அரசு வக்கீல் என் மேல் பாய்ந்தார். அதைச் சாட்சிதான் சொல்ல வேண்டும் என்றேன். அந்த மனிதர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை. போகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் சீரங்கன்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்குத் தெரியாதா? எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. அது வக்கீலின் வேலை. இன்டர்பிரட்டர் சொந்தச் சரக்கைச் சேர்க்க ஆரம்பித்தால், அடுத்த வழக்கில் அவன் சொல்கிற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பேசாமல் நிற்பதுதான் இந்த வேலையில் ரொம்பக் கஷ்டம், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீரங்கனுக்காக வாதாடிய எதிரி வக்கீல் எங்கள் ஊர்க்காரர், நெற்றியில் திருமண் அழியாமல் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறவர். அவர் எழுந்து வழக்கத்தை விளக்கினார். வேறு யாராவது பேரைச் சொல்லட்டும், சாட்சி தலையை ஆட்டட்டும், வெளி உலகத்தில் அப்படித்தான் நடக்கிறது என்றார். என் அம்மாவும் என் அப்பா பேரைக் கடைசி வரைக்கும் சொன்னதில்லை, எனக்கு இது தெரியாமல் இல்லை என்றார் ஜட்ஜ். ஆனால் அடுத்தவர் வாயில் போட்ட வார்த்தைக்குத் தலையாட்டினால் அது யாருடைய சாட்சியம் என்று கேட்டார். ஒரு ஆளைத் தூக்குக்கு அனுப்புவதோ விடுவதோ தலையாட்டலை வைத்து முடியாது என்று சொல்லிவிட்டு, சாட்சி யோசிக்கட்டும் என்று கோர்ட்டைச் சற்று நேரம் கலைத்தார்.

வராந்தாவில் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, சீரங்கனின் தாய் எதிரி வக்கீலின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“என்னையக் கூண்டுல ஏத்துங்க சாமி. நான் சொல்றேன் அவன் பேரை. பெத்தவ வாயால சொன்னா ஒண்ணும் ஆகாது. ஆயிரம் தடவ கூப்புட்டிருக்கேன். அவளைச் சொல்ல வெக்காதீங்க.”

நீங்கள் அந்த வார்த்தையைக் கேட்கவில்லையே அம்மா, அவள்தானே கேட்டாள் என்றார் வக்கீல். அந்த அம்மாளுக்கு இது புரியவில்லை. பேர் ஒன்றுதானே, யார் சொன்னால் என்ன என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். சட்டம் விட்டால்கூடப் பேர் சொன்ன தோஷம் விடாது என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. சாட்சியிடமோ சாட்சியின் ஆட்களிடமோ நான் பேசக் கூடாது. தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுபடி கோர்ட் கூடியது. அதே கேள்வி, அதே ‘எக்ஸாக்ட்’. நான் தமிழில் கேட்டேன். அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது எதிர்க் கூண்டிலிருந்து சீரங்கன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். “சொல்லு புள்ள, பரவால்ல” என்றான். ஜட்ஜ் அவனை அதட்டி அடக்கினார். ஆனாலும் அது அவள் காதில் விழுந்துவிட்டது.

சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. நான் இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னேன். அரசு வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. இன்டர்பிரட்டரின் காது கோர்ட்டின் காது ஆகாது, சாட்சி உரக்கச் சொல்லட்டும் என்றார். ஜட்ஜ் தலையசைத்தார். இன்னொரு தடவை சொல்லும்மா என்றேன். சொன்னாள், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. எந்தத் தெரு என்று தனக்குத் தெளிவாக விழவில்லை என்றார் அரசு வக்கீல். ஜட்ஜ் பேனாவை எடுத்து, கடைசியாக ஒரு முறை, நிதானமாக, நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். நான் அதையும் அவளிடம் சொன்னேன்.

“மேலத்தெரு சீரங்கன் வெட்டிட்டான்.”

வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டுச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் வாயை அழுந்தத் துடைத்தாள். பிறகு கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். டவாலி எழுப்பப் போனான். ஜட்ஜ் வேண்டாம் என்று கை காட்டினார்.

சீரங்கன் விடுதலையானான். மற்ற சாட்சியம் எல்லாம் நொண்டி, இவள் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் வழக்கு நின்றது. இந்தச் சாட்சி சொன்னது எக்ஸாக்ட் என்று ஜட்ஜ் தீர்ப்பிலேயே எழுதியிருந்தார். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. நான் அன்று அந்தக் கையசைப்பை மொழிபெயர்த்திருந்தால் ஒரு உயிர் போயிருக்கும் என்று வீட்டில் இரண்டு நாள் அளந்துகொண்டிருந்தேன். மேலத்தெருக்காரனைப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. மணப்பாறைச் சந்தைக் கதையை யாரும் உடைக்க முடியவில்லை, அவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

இத்தோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். உங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் வருஷம் திரும்புவதற்குள் கொள்ளிடத்தில் பெரிய வெள்ளம் வந்தது. படுகையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கப் போன சீரங்கன் திரும்பவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. வெள்ளத்தில் போன எத்தனையோ பேரில் ஒருவன்.

பின்னால் ஒரு நாள், குழந்தையின் பங்கு நிலத்துக்குத் தன்னைக் கார்டியனாகப் போடச் சொல்லி மனுக் கொடுக்க அஞ்சலை ஜில்லா கோர்ட்டுக்கு வந்திருந்தாள். நான் அங்கே வேறு வேலையாக நின்றுகொண்டிருந்தேன். பெஞ்ச் கிளார்க் புருஷன் பேர் கேட்டுவிட்டு, வழக்கம்போல அவளுக்குப் பதில் சொல்லக் கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. அவளே சொன்னாள். தெருப் பேரோடு, தகப்பன் பேரோடு, பிசிறில்லாமல் சொன்னாள். கிளார்க் ஒரு கணம் எழுதாமல் அவளையே பார்த்தார்.

வராந்தாவில் என்னை அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டாள். புருஷன் வெள்ளத்தில் போனதைச் சொன்னாள். வெள்ளத்துக்கும் அன்றைக்குச் சொன்னதற்கும் என்னம்மா சம்பந்தம் என்று ஏதோ உளறினேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது போல.

மாமியார் அவளிடம் பேசுவதில்லையாம். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. புருஷனைக் காப்பாற்ற ஒரு தடவை சொன்னாய், சரி, மிச்ச இரண்டு தடவை எதற்குச் சொன்னாய் என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டவளாம்.

“நானா சொல்லலீங்க, கோர்ட்டுல கேட்டாங்கன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்குறாங்க. பக்கத்துல நின்னது நீங்கதான். வந்து ஒரு வார்த்த சொல்லணும்யா.”

முடிந்துபோன வழக்கின் சாட்சி வீட்டுக்கு இன்டர்பிரட்டர் போவதா என்று ஆபீஸில் கேட்டார்கள். என் நண்பர் ஒருவர், உனக்கு வேறு வேலை இல்லையா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் யார் எதைச் சொன்னார்கள் என்பதைச் சொல்லத்தான் சர்க்கார் எனக்கு அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தது. அந்த ஒரு வேலையைத்தான் அவளும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை லால்குடிக்கு ரயில் ஏறினேன்.

வாசலில் நெல் காயப்போட்டு, நீளக் குச்சியால் கோழியை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மாமியார். அன்றைக்கு வராந்தாவில் பார்த்ததற்குப் பாதியாகியிருந்தாள். நான் இன்னார் என்று சொன்னதும், உட்காருங்க என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். அஞ்சலை கதவோரம் நின்றாள். முதல் தடவை சொன்னபோதே என் காதில் விழுந்தது, நான் ஜட்ஜிடமும் சொன்னேன், மற்ற இரண்டு தடவையும் கோர்ட் கேட்டுத்தான் உங்கள் மருமகள் சொன்னாள், தானாகச் சொல்லவில்லை என்றேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த பேச்சு, ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. மாமியார் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க.”

இந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! பதில் சொல்கிற பக்கத்தில் அன்றுதான் நின்றேன். அந்த வீட்டு வாசலில், அவள் பெற்ற பிள்ளையின் பேரை நான் எப்படிச் சொல்வது? பேரை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, அஞ்சலை சொன்ன மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல், மேலத்தெரு சீரங்கன் வெட்டிட்டான் என்று சொன்னேன். பேர் காதில் பட்டதும் அவள் கையில் இருந்த குச்சி நின்றுவிட்டது.

மூன்று தடவையும் இதேதானா என்று கேட்டாள். இதேதான் என்றேன். மேலத்தெரு என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொன்னாளா, ஒன்றிலாவது விட்டுவிட்டாளா என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவளுக்காக யோசித்தேன், பொய் சொல்லிவிடக் கூடாதே என்று. முதல் தடவை, மெதுவாகச் சொன்னபோதும் அது இருந்தது. விடவில்லை என்றேன்.

“அப்ப அது மேலத்தெருவுக்குத்தானங்க போயிருக்கணும்? அவன் இன்னிக்கும் இந்த வழியாத்தான் ஆடு ஓட்டிக்கிட்டுப் போறான்.”

கோழிகள் நெல்லுக்கு வந்துவிட்டன, யாரும் விரட்டவில்லை. மாமியார் திரும்பிப் பார்க்காமலே கதவுப் பக்கமாகச் சொன்னாள்.

“அய்யாவுக்கு ரயிலுக்கு நேரமாவுது. மோரு கொண்டாந்து குடு.”

அஞ்சலை உள்ளே போனாள். மோர்ச் செம்பை என் கையில் கொடுத்தாள். நான் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தேன்.